ஒளிச்சித்திர வித்தகர் எமீல் ரேனோ

உலகிற்கு நன்மை புரிந்த அறிஞருள் சிலர் தம் வாழ்நாளிலேயே புகழெய்தி மகிழ்ந்தனர். வேறு சிலரோ தாம் நட்ட மரத்தின் நிழலிற் பிறர் அமர்ந்திருக்கக் கண்டு, தாம் வெயிலிலே நின்று மாய்ந்தனர். பிரெஞ்சு நாட்டினராகிய எமீல் ரேனோ என்பார் இப்பின்னவருள் ஒருவர். அசையாச் சித்திரங்களை அசையச் செய்து, அவற்றை ஒளியின் துணையால் திரைமேல் வீழ்த்தி, பொதுமக்கள் ஓர் அவையாகக் கூடியிருந்து கண்டு களிக்கச் செய்தவர் இவர். சினிமா என்னும் சொல்லை உலகம் அறியுமுன்னரே இவர் அதனைச் செய்து காட்டினார்.

இந்நாளில் நம் மாணவ நண்பர் பலர், விரல் தொட்டால் அசையவும், மீண்டும் தொட்டால் நிற்கவும், பார்ப்பவர் விருப்பத்திற்கேற்ப வழி மாறிச் செல்லவும் வல்ல சித்திரங்களைக் கணினியில் அமைக்கக் கற்று வருகின்றனர். அக்கலை நேற்று முளைத்ததன்று. அதன் வேர் எத்துணை ஆழத்திற் செல்கின்றது என்பதை அறிய விரும்புவார்க்கு ரேனோவின் சரித்திரம் சாலப் பயன்படும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் இளமையும்

ரேனோ 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் நாள் பாரிசு மாநகரை அடுத்த மோந்த்ரேய் என்னும் ஊரிற் பிறந்தார். இவர்தம் தந்தையார் நுண்ணிய பொறிவேலைகளிலும் பதக்கம் செதுக்குதலிலும் தேர்ந்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. மலரோவியத்திற் பெயர்பெற்ற ரெதூத்தே என்பாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றவர். பெற்றோர் இருவருமே மகனுக்கு ஆசிரியராயினர். தந்தையிடம் கருவிகளைக் கையாளவும், தாயிடம் தூரிகை பிடிக்கவும் ரேனோ கற்றார். ஒரு கை பொறியையும் ஒரு கை வண்ணத்தையும் அறிந்திருத்தல் இவர் வாழ்க்கை முழுவதற்கும் வித்தாயிற்று. அசையும் சித்திரம் என்பது இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்த கலையேயன்றோ?

பதின்மூன்று அல்லது பதினான்கு வயதில் இவர் பாரிசில் நுண்கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர், சிற்பியும் புகைப்படக் கலைஞருமாகிய ஆதாம்-சாலமோன் என்பாரிடம் பணியாற்றினார். 1864-ஆம் ஆண்டில் இவருக்கு ஒரு நல்லாசிரியர் வாய்த்தனர். அவர் மொய்ஞோ என்னும் கத்தோலிக்கக் குருவானவர். விஞ்ஞானம் கற்றோர்க்கு மட்டும் உரிய செல்வமன்று, உழைக்கும் எளிய மக்களுக்கும் உரியது என்பது அவர்தம் கொள்கை. படவிளக்கின் மூலம் கண்ணாடிச் சில்லுகளில் எழுதிய உருவங்களைத் திரையிற் காட்டி, அவர் பொதுமக்களுக்கு விஞ்ஞான விரிவுரைகள் நிகழ்த்தி வந்தார். ரேனோ அவருக்கு உதவியாளராய் அமைந்தார். விளக்கும் கண்ணாடியும் வெண்டிரையும் இவருக்குக் கைவந்த கருவிகளாயின. காட்சியின் வாயிலாகக் கல்வி புகட்டலாம் என்னும் உண்மையும் இவருள்ளத்திற் பதிந்தது.

லெ புய் நகரில்

1865-ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையார் காலமானார். ரேனோ தாயாருடன் தம் முன்னோர் ஊராகிய லெ புய் என்னும் மலைநகருக்குச் சென்றார். அங்கே உறவினராகிய மருத்துவர் ஒருவரின் நூல்நிலையமும் வழிகாட்டுதலும் இவருக்குப் பல்கலைக்கழகமாயின. 1870-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டிற்கும் பிரஷியாவிற்கும் போர் மூண்டபோது, இவர் நோயாளருக்குத் தொண்டு செய்யும் பணியில் ஈடுபட்டார். போர் முடிந்தபின் 1873-ஆம் ஆண்டு முதல் அந்நகரத்துத் தொழிற்பள்ளி மாணவர்க்கும் ஊர்மக்களுக்கும், மொய்ஞோ குருவைப் பின்பற்றி, படவிளக்கு விரிவுரைகள் நிகழ்த்தினார்.

1876-ஆம் ஆண்டில் ஒரு சிறு குழந்தையை மகிழ்விக்க வேண்டி இவர் ஒரு விளையாட்டுக் கருவி செய்யலானார். அதற்குக் கிடைத்த பொருள் ஒரு பழைய பிஸ்கட்டு டப்பா. பெரும் கண்டுபிடிப்புகள் பெரும் மாளிகைகளில்தாம் பிறக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. அந்த டப்பாவினின்று பிறந்ததே பிராக்ஸினோஸ்கோப்பு என்னும் கருவி.

பன்னிரண்டு கண்ணாடிகள்

இக்கருவியின் நுட்பத்தைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. பெல்ஜிய நாட்டுப் பிளாத்தோ என்னும் அறிஞர் 1832-ஆம் ஆண்டிலேயே, ஒரு வட்டத்தட்டில் தொடர்ச்சியாக எழுதிய படங்களைச் சுழற்றி அசைவுத் தோற்றம் உண்டாக்கினார். பின்னர் ஆங்கில நாட்டு ஹார்னர் என்பார் உருளை வடிவில் ஒரு கருவியை வகுத்தார். இவ்விரண்டிலும் படங்களைச் சிறு பிளவுகளின் வழியே பார்த்தல் வேண்டும். பிளவு கண்ணெதிரே வரும் கணத்தில் மட்டும் படம் தெரியும். மற்றைய கணமெல்லாம் இருளே. ஆதலின் சித்திரம் மங்கித் தோன்றியது.

ரேனோ பிளவுகளை நீக்கினார். ஒரு வட்ட உருளையின் உட்புறத்திற் பன்னிரண்டு படங்கள் கொண்ட காகிதப் பட்டையைப் பொருத்தினார். உருளையின் நடுவே, அதன் ஆரத்திற் பாதியளவு ஆரமுடையதாய், பன்னிரண்டு சிறு நிலைக்கண்ணாடிகள் பதித்த மற்றோர் உருளையை நிறுத்தினார். கண்ணாடி, படத்திற்கும் நடு அச்சிற்கும் சரிபாதித் தொலைவில் நிற்பதனால், படத்தின் பிம்பம் அச்சின்மேலேயே தோன்றும். உருளை சுழன்றாலும் அச்சு இடம்பெயராது. ஆகவே பிம்பமும் ஓரிடத்தே நிலைத்து நிற்கும். ஒரு கண்ணாடி விலக அடுத்த கண்ணாடி வரும். முன்னைப் படம் மறையுமுன்னரே பின்னைப் படம் அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளும். இடையில் இருளில்லை, ஒளி குன்றுவதில்லை. பலர் சூழ்ந்திருந்து ஒருங்கே பார்க்கவும் இயன்றது.

சோப்புக் குமிழி ஊதும் சிறுமி, கோழிகளுக்குத் தீனியிடும் காட்சி, பந்துகளை எறிந்து பிடிக்கும் வித்தைக்காரன் முதலிய பட்டைகளை ரேனோ வெளியிட்டார். பன்னிரண்டே படங்களில் ஒரு செயலை அமைப்பது எளிதன்று. பன்னிரண்டாம் படம் முடிந்தவுடன் முதற்படம் வரும். அவ்விணைப்பிலே சிறு குலுக்கலும் தோன்றலாகாது. இன்று இணையத்திற்கென அசையும் சித்திரம் வரையப் புகும் மாணவர் முதன்முதற் பயிலும் பாடமும் இதுவே. முடிவு தெரியாமல் சுற்றிவரும் ஒரு சிறு செயலைச் செவ்வனே அமைக்கத் தெரிந்தவன் கலையின் முதற்படியைக் கடந்தவனாவான்.

1877-ஆம் ஆண்டு இக்கருவிக்கு ரேனோ காப்புரிமை பெற்றார். அவ்வாண்டின் இறுதியிற் பாரிசுக்குக் குடிபெயர்ந்து, ரோதியே தெருவில் ஒரு தொழிற்கூடம் அமைத்தார். 1878-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் இக்கருவி சிறப்பு மதிப்புப் பெற்றது. மறு ஆண்டில் இவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே கருவியையும் மேம்படுத்தினார். உருவங்களைக் கருநிறப் பின்னணியில் எழுதி, அவற்றின்முன் ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்தி, தனியே வரைந்த காடு, மாடம் முதலிய காட்சிகளை அதிற் பிரதிபலிக்கச் செய்தார். அசையும் உருவம் வேறு, அசையாத காட்சி வேறு எனப் பிரித்து, கண்ணுக்குமட்டும் ஒன்றாக்கிக் காட்டிய இம்முறையால் ஒரே காட்சியைப் பன்முறை வரையும் வீண் உழைப்பு ஒழிந்தது. கணினியிற் படம் அமைப்போர் அடுக்கடுக்காக வைத்து வரைவதும் இம்முறையையே ஒட்டியதாகும்.

ஒளி அரங்கு

ஒரு விளையாட்டுக் கருவியோடு ரேனோவின் உள்ளம் அமைதி பெறவில்லை. பன்னிரண்டு படங்களாற் கதை சொல்ல இயலாது. கதைக்கு நீண்ட பட்டை வேண்டும். அவைக்குப் பெரிய திரை வேண்டும். 1888-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒளி அரங்கு என்னும் பெயரால் புதியதொரு பொறிக்கு இவர் காப்புரிமை வாங்கினார்.

ஒளி புகும் ஜெலட்டின் சதுரங்களில் இவர் தம் கையால் மையும் வண்ணமும் கொண்டு ஒவ்வொரு படமாக வரைந்து, அவற்றைக் கோத்து நெடும்பட்டையாக்கினார். படத்திற்குப் படம் இடையே ஒரு துளை. சக்கரத்தில் அத்துளைக்கு இசைந்த முளை. சக்கரம் சுழல முளை துளையிற் புகுந்து பட்டையைப் பிசகாமல் இழுத்துச் செல்லும். விளக்கின் ஒளி படத்தை ஊடுருவி, சுழலும் கண்ணாடிகளிற் பட்டுத் திரும்பி, வில்லையின் வழியாகத் திரையை அடையும். மற்றொரு விளக்கு அசையாக் காட்சியைத் திரையில் நிலையாக வீழ்த்தும். துளையிட்ட பட்டை என்னும் இவ்வமைப்பு பிற்காலத்துச் சினிமாச் சுருள்களுக்கும் அடிப்படையாக இருந்தது.

1892-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் நாள் பாரிசில் கிரேவன் காட்சிச்சாலையில் இவ்வரங்கு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்று காட்டிய கதைகளுள் ‘ஏழைப் பியெரோ’ என்பது ஒன்று. காதலியின் மாடத்தின்கீழ் இசைபாட வரும் பேதை பியெரோவை, முன்னரே வந்து ஒளிந்திருந்த ஆர்லெக்கன் கோலால் அடித்து மருட்டி ஓட்டும் நகைச்சுவைக் கதை அது. காஸ்தோன் போலென் என்பார் இக்கதைகளுக்கெனத் தனியே இசை அமைத்து வாசித்தார்.

‘ஏழைப் பியெரோ’வின் பட்டை 36 மீட்டர் நீளமும் 500 படங்களும் உடையது. வினாடிக்குப் பன்னிரண்டு படங்கள் வீதம் நிறுத்தாமல் ஓட்டினால் அது முக்கால் நிமிடத்திற்குள் முடிந்துவிடும். ஆயினும் ரேனோ அதனைப் பன்னிரண்டு முதற் பதினைந்து நிமிடங்கள் வரை நடத்தினார். அஃது எங்ஙனம் இயன்றது? அவர் திரையின் பின்னே நின்று, இரு கைகளாலும் இரு சுருள்களைச் சுழற்றினார். வேண்டிய இடத்தில் நிறுத்தினார்; பின்னோக்கிச் சுழற்றினார்; மீண்டும் முன்னோக்கி விட்டார். படியேறிய பியெரோ தயங்கி இறங்குவான், மறுபடியும் ஏறுவான். முன்னும் மக்கள், பின்னும் கலைஞன், நடுவே ஒரு திரை. உயிருள்ள ஒரு கை அங்கே சித்திரங்களை நடத்தியது. அன்றியும், பட்டையின் குறித்த இடங்களில் வெள்ளித் தகடுகளைப் பொருத்தியிருந்தார். அவை மின்கம்பியைத் தொட்டவுடன் ஒரு சுத்தியல் எழுந்து தட்டும். திரையில் ஆர்லெக்கனின் கோல் விழும் அதே கணத்தில் அடியின் ஓசையும் கேட்கும்.

இந்நாளிற் பயில்வோர், படம் இன்ன இடத்திற்கு வந்தவுடன் இன்ன ஓசை எழுக, தொட்டவுடன் இன்ன செயல் நிகழ்க என்று கணினிக்குக் கட்டளை எழுதுகின்றனர். ரேனோ அக்கட்டளைகளை வெள்ளித் தகட்டாலும் தம் விரல்களாலும் எழுதினார் என்னலாம்.

ஒப்பந்தத்தின் தளை

காட்சிகள் பெருவெற்றி பெற்றன. எனினும் இவர் கையொப்பமிட்ட ஒப்பந்தம் கடுமையானது. மாதம் 500 பிராங்கும் வருவாயிற் பத்தில் ஒரு பங்கும் இவருக்குக் கிடைத்தன. நாள்தோறும் பல காட்சிகள் நடத்தவேண்டும்; விடுமுறை நாட்களில் இன்னும் மிகுதியாக நடத்தவேண்டும். பட்டைகள் பழுதுற்றாற் செப்பனிடுவது இவர் செலவு. புதிய கதைகளையும் இவரே வரைந்து தரவேண்டும். பிற இடங்களில் இக்காட்சியை நடத்தும் உரிமையும் இவருக்கு இல்லை.

பகலெல்லாம் காட்சி நடத்திக்கொண்டே நூற்றுக்கணக்கான படங்களைத் தனியொருவர் வரைவது எத்துணைத் துன்பமான காரியம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆயினும் இவர் தளர்ந்திலர். கடற்கரைக் குளியற் குடிலைச் சுற்றி நிகழும் வேடிக்கைகளை 636 படங்களில் தீட்டினார். அதன் இறுதியில் ஒரு படகு வருகின்றது. அதன் பாய் விரிகின்றது. காட்சி முடிந்ததென்னும் அறிவிப்பு அப்பாயின்மேல் எழுதப்பட்டிருக்கின்றது.

அவ்வறிவிப்பு இவருக்கே விரைவில் உரியதாயிற்று. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் நாள் அதே பாரிசில் லூமியேர் சகோதரர் தம் சினிமாக் கருவியைப் பொதுமக்களுக்குக் காட்டினர். ரேனோ பல திங்கள் உழைத்து வரைவதை அக்கருவி ஒரு நிமிடத்தில் புகைப்படமாகப் பிடித்தது. ஒரு சுருளினின்று எத்தனை பிரதிகள் வேண்டினும் எடுக்கலாம். எந்த ஊருக்கும் அனுப்பலாம். ரேனோவின் பட்டையோ உலகத்தில் ஒன்றே; அதனை உயிர்ப்பிக்கும் கையும் ஒன்றே.

அவர் வாளாவிருந்தார் அல்லர். நடிகரைத் தொடர்ந்து புகைப்படம் எடுக்கும் ஒரு கருவியைத் தாமே அமைத்தார். 1896-ஆம் ஆண்டில் பூட்டிட்டு, சொக்கோலா என்னும் இரு பெயர்பெற்ற கோமாளிகளின் நகைச்சுவையைப் பிடித்து, வேண்டிய படங்களைத் தெரிந்தெடுத்து, கையால் வண்ணம் தீட்டிக் காட்டினார். பயனில்லை. 1900-ஆம் ஆண்டில் ஒளி அரங்கு மூடப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 12,800 காட்சிகள் நிகழ்ந்திருந்தன. 5,00,000 மக்கள் அவற்றைக் கண்டிருந்தனர்.

சேன் நதியின் கரையில்

அதன்பின் ரேனோவின் வாழ்வு இருளடைந்தது. ஆழமும் அசைவும் ஒருங்கே தோன்றும் புதிய கருவி ஒன்றை அமைக்கச் சில ஆண்டுகள் முயன்றார். அதனை வாங்குவார் இலர். வறுமையும் மனச்சோர்வும் இவரை வருத்தின. 1910-ஆம் ஆண்டிற்கும் 1913-ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், தாம் பெற்ற குழந்தை போன்ற ஒளி அரங்குப் பொறியைத் தம் கையாலேயே உடைத்தெறிந்தார். தம் உயிரையும் கண்ணொளியையும் வார்த்து வரைந்த பட்டைகளுட் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் எறிந்தார். ‘ஏழைப் பியெரோ’வும் கடற்கரைக் குடிலின் கதையும் மட்டுமே எஞ்சி நமக்குக் கிடைத்துள்ளன.

1918-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9-ஆம் நாள், முதல் உலகப்போர் ஓயாதிருந்த காலத்தில், ஈவ்ரி என்னும் ஊரில் தீராநோயாளர் தங்கும் விடுதியில் ரேனோ இறைவனடி சேர்ந்தார். அப்போது இவருக்கு வயது 73.

ஆராய்ச்சியும் படிப்பினையும்

இவர் வாழ்க்கை தோல்வியோ எனின், அன்று என்றே யான் கூறுவேன். லூமியேர் கருவி உலகத்தை உள்ளவாறு காட்டியது. ரேனோவின் கருவி இல்லாத உலகத்தைப் படைத்துக் காட்டியது. இரண்டும் வெவ்வேறு கலைகள். முன்னது பின்னதை அன்று அங்காடியில் வென்றது; கலையில் வென்றிலது. கையால் வரைந்த உருவம் அசையும் கலை பின்னர் உலகெங்கும் தழைத்தது. ரேனோ அரங்கு திறந்த அக்டோபர் 28-ஆம் நாளே 2002-ஆம் ஆண்டு முதல் உலக அனிமேஷன் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவர்தம் ஒளிச்சித்திரங்களை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

எனினும் நாம் சிந்திக்கவேண்டிய குறை ஒன்றுண்டு. ஒரே பிரதியாக இருக்கும் பொருள் ஒருவர் மனநிலையைப் பொறுத்தே வாழும் அல்லது அழியும். இணையத்திலும் இத்தகைய இழப்பு நேர்ந்தது. 1996-ஆம் ஆண்டிற் பியூச்சர்ஸ்பிளாஷ் என்னும் பெயரிற் பிறந்து, பின்னர்ப் பிளாஷ் என வழங்கிய கருவியைக் கொண்டு உலகெங்கும் எண்ணற்ற இளைஞர் தம் முதற் சித்திரங்களையும் விளையாட்டுகளையும் அமைத்தனர். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாளுடன் அதற்குரிய ஆதரவு நிறுத்தப்பட்டது. அச்சித்திரங்கள் உலாவிகளில் இயங்காமற் போயின. தன்னார்வலர் சிலர் அவற்றுட் பலவற்றைத் தேடித் தொகுத்து, மீண்டும் இயங்கச் செய்து காத்து வருகின்றனர். ரேனோ ஆற்றங்கரையில் நின்ற நாளில் அத்தகைய அன்பர் ஒருவர் அருகிருந்திருப்பின், இன்று நம் செல்வம் பெருகியிருக்கும்.

ஆதலின் இக்கலையைப் புதிதாகக் கற்கப் புகும் நண்பர்க்கு ரேனோவின் சரித்திரம் மூன்று பாடங்களை உணர்த்துகின்றது. முதலாவது, பன்னிரண்டு படங்களில் ஒரு சிறு செயலைப் பிழையற அமைத்துப் பழகிய பின்னரே பெருங்கதையிற் கைவைத்தல் வேண்டும். இரண்டாவது, உழைப்பின் பயனைப் பிறர்க்கு எழுதிக்கொடுக்குமுன் ஒப்பந்தத்தை நன்கு ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, செய்த பணியைப் பேணுதலும் செய்தலைப் போன்றதொரு கடமையே.

ஆண்டவர் அளித்த தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனை நாம் அறிவோம். ரேனோ தம் தாலந்தைப் புதைத்தவர் அல்லர். அதனைப் பன்மடங்காகப் பெருக்கியவர். பெருக்கியதை ஏற்றுக்கொள்ளும் கைகளை மட்டும் அவர் காலத்து உலகம் நீட்டத் தவறியது. நம் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் இத்தகைய ஒருவர் ஓசையின்றி உழைத்துக்கொண்டிருத்தல் கூடும். அவரைக் கண்டறிந்து, அவர் தளருமுன் ஒரு நற்சொல் கூறுதல் நம்மனைவர் கடனாகும்.